நீலக் கட்டத்துக்குள் அக்காவின் மூச்சு

காலை பத்தரை மணியளவில் திருகோணமலைக்கு மேலால் ஒரு செயற்கைக்கோள் போகும். சத்தம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது, குண்டும் போடாது. அந்த வருடங்களில் எங்கள் ஊருக்கு மேலால் பறந்தவற்றில் குண்டு போடாதது அது ஒன்றுதான் என்று நான் பகிடி விடுவதுண்டு. காகங்கள் கோவிக்கும் என்று மனைவி சொல்லுவாள்.

அந்தக் கோளின் வேலை கீழே பார்ப்பது. என் வேலை அதே நேரத்தில் மேலே பார்ப்பது. காற்றில் தூசும் புகையும் எவ்வளவு இருக்கிறது என்று அது உயரத்தில் இருந்து கணக்குப் போடும். நிலத்தில் பட்டுத் திரும்பும் வெயில் இடையில் எவ்வளவு கலங்கி வருகிறது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. கணக்கு என்றால் பிழைக்கவும் செய்யும். ஆகவே கீழே ஒருவன் நின்று, செங்கல் அளவான ஒரு ஒளிமானியைச் சூரியனுக்கு நேரே பிடித்து, வரவேண்டிய வெயிலில் எவ்வளவு வராமல் போனது என்று அளக்கவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் அது ஆராய்ச்சி. ஒத்துவராவிட்டால் இன்னும் பெரிய ஆராய்ச்சி. அந்த ஒருவன் நான்தான். பல்கலைக்கழக வளாகத்தில் எனக்குச் சம்பளம் தந்தது இதற்குத்தான் என்று சொன்னால் என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை.

உலகத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். ஆனால் யுத்த காலத்தில், கடற்படைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பெட்டி ஒன்றை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்கும் தமிழன் ஒருவனாவது வேறெங்கும் இருந்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் மூன்று மொழியிலும் அனுமதிக் கடிதம் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். சென்றிக் காவலரணில் நிற்பவன் துவக்கை நிமிர்த்தும்போது கையைப் பைக்குள் விடுவது அவ்வளவு புத்தியான வேலை இல்லை என்று முதல் நாளே விளங்கிவிட்டது. அடுத்த நாளில் இருந்து கடிதத்துக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, பாலர் வகுப்புப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுவது போலக் கழுத்தில் தொங்கவிட்டேன். அப்படியும் என் முழங்கால்கள் அந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை. அவை தங்கள் பாட்டில் ஆடின. ஒளிமானி ஆடினால் வாசிப்புப் பிழைக்கும். எனவே மதிலில் சாய்ந்து நின்று அளக்கப் பழகினேன். என் ஆராய்ச்சிக் கட்டுரையில் இதை, கருவி உறுதியான தாங்கியில் வைத்துப் பயன்படுத்தப்பட்டது என்று எழுதியிருக்கிறேன்.

சென்றியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு, மழை எப்போது வரும் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மழை பற்றிய பகுதி சிறியது. நாளைக்கு என்றேன். மழை வராதபடியால் ஒரு கிழமை அந்தத் தெருவால் போகவில்லை.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் அக்கா. அவவுக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு, ஆஸ்துமா. நெஞ்சு இழுக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் எழும்பி உட்கார்ந்திருப்போம். ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் படுத்திருக்கவும் ஏலாது. காற்றைப் படித்தால் அக்காவைச் சுகப்படுத்தலாம் என்று நினைக்கும் வயதில் பாடம் தெரிவு செய்தேன். படித்து முடித்தபோது காற்றை அளக்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

அக்கா கலியாணம் முடித்துப் போனது குடாவுக்கு அந்தப் பக்கம், கிளிவெட்டிக்கும் அங்காலே ஒரு வயற்கிராமம். அத்தான் பாம்பு கடித்து இறந்து போனார். பிள்ளைகள் இல்லை. வயலும் மாடுகளும்தான். எங்களோடு அன்புவழிபுரத்தில் வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாயிற்று. மாதம் ஒருமுறை மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்து, திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்டி, வாயில் வைத்து இழுக்கும் பம் மருந்தை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒரு நேரச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவா. வரும்போது ஒரு சட்டி தயிர். எங்கள் வீட்டுக் கதிரைகளில் சாய்கதிரை எதுவோ அதுதான் அவவுக்கு. சாய்ந்து இருந்தால்தான் கதைக்க மூச்சு வரும். இருந்தவுடன் கதை தொடங்கும்.

"என்ர நெஞ்சை வைச்சுத்தானேடா நீ பட்டம் எடுத்தனீ. உந்தப் பெரிய புத்தகத்தில எங்கையாவது என்ர பேர் வந்ததோ?"

"உன்ர பேரைப் போட்டால் பட்டத்தை உனக்கெல்லோ தந்திருப்பாங்கள்."

"தந்தால் என்ன. மாட்டுக் கொட்டில்ல கொழுவி வைச்சிருப்பன்."

ஒருமுறை என் மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அருகே கூப்பிட்டா. செயற்கைக்கோள் தந்த தரவில் இருந்து நான் அச்சடித்த படம் அது. கரையும் குடாவும் சதுரம் சதுரமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில்.

"இதில என்ர மாடு தெரியுமோ?"

"தெரியாது. ஒரு கட்டம் பத்துக் கிலோமீற்றர். உன்ர ஊர், பக்கத்து ஊர், குளம், காடு எல்லாம் சேர்த்து ஒரு நிறம்தான்."

"நானும் அதுக்குள்ளயோ?"

"ஓம். நீயும் மாடும்."

"என்ன நிறம் எங்களுக்கு?"

"நீலம். நல்ல காத்தெண்டால் நீலம். புகை கூடினால் மஞ்சள், பிறகு சிவப்பு."

அக்கா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தா. ஊர் முழுவதும் விரலுக்குக் கீழே மறைந்து போனது. "சிவப்பெண்டால் எனக்குச் சொல்லிவிடு. பம்மைக் கையில வைச்சிருக்கிறன்" என்றா. பிறகு மனைவியைப் பார்த்து, "இவன் அங்கை இருந்து பாக்கிறான், நான் இங்கை இருந்து இருமுறன். நல்ல குடும்பம்" என்றா. மூன்று பேரும் சிரித்தோம். அக்கா சிரித்தால் முடிவில் இழுப்பு வரும். அதற்காக அவ சிரிக்காமல் விட்டது கிடையாது.

பிறகு, முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த யுத்தம் திரும்பத் தொடங்கியது. ஒரு நாள் லோஞ்சு ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. தெற்கே போகும் தெருவை மூடிவிட்டார்கள். அக்காவின் ஊருக்கு இருந்த ஒரேயொரு தொலைபேசி ஒரு கடையில். அது அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவும் இல்லை. அக்காவிடம் பாவிக்கத் தொடங்கிய பம் ஒன்றும், கூடினால் இன்னொன்றும் இருக்கும். அது முடியமுதல் புதியது ஒன்று குடாவைத் தாண்டிப் போகவேண்டும். அந்த நாட்களில் நான் நினைத்தது, சாப்பிட்டது, படுத்தது எல்லாம் இந்த ஒரு விசயத்தோடுதான்.

மருந்துக்கடையில் இரண்டு பம் வாங்கினேன். தயிர் வியாபாரம் செய்கிற மூதூர் முஸ்லிம் நானா ஒருவரை அக்கா மூலம் எங்களுக்குத் தெரியும். யுத்தத்தால் அவரும் ஊரைவிட்டு வந்து கிண்ணியாவில் மாமியார் வீட்டில் இருந்தார். அவரிடம் ஒன்றைக் கொண்டு போனேன்.

"நானா, இது ஒரு சின்னச் சாமான்."

அவர் அதைக் கையில் வாங்காமலே பார்த்தார். "சின்னச் சாமான்தான், சேர், பெரிய பிரச்சின. நான் ரெண்டு மாட்டக் கொண்டு போனாலும் சென்றியில கேக்க மாட்டானுகள். மருந்தக் கண்டா, ஆருக்கு, எத்தின பேருக்கு எண்டு கேப்பானுகள்."

"அக்காவுக்குத்தான்."

"தெரியும் சேர். எனக்கும் அவ ராத்தாதான். தாங்க."

அன்று பின்னேரமே அதைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். "றோட்டே இல்ல சேர். ஆக்கள் எல்லாம் இஞ்சால வாறாங்க. அங்கால போறதுக்கு ஒரு நாயும் இல்ல." சொல்லிவிட்டுப் பம்மை மேசையில் வைத்து, தன்னுடைய பிள்ளை ஒன்றைப் படுக்கவைப்பது போல மெதுவாகக் கையை எடுத்தார்.

என் மூளை அதற்குப் பிறகு செய்த வேலைகளை இப்போது எழுதினால் நானே சிரிப்பேன். பம்மைப் போத்தலுக்குள் போட்டு அடைத்துக் கடலில் விட்டால் நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று காற்றுத் திசை வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டேன். விடை, இந்தோனேசியா. சாம்பல்தீவில் தெரிந்த மீன்பிடிகாரரிடம் போய், இரவல் வள்ளம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். "சேருக்கு நீந்தத் தெரியுமோ?" என்றார். தெரியாது என்றேன். அவர் எனக்குத் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். நிவாரண அலுவலகம் ஒன்றில் வரிசையில் நின்று, எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு, என் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு வெளியே வந்தேன். அவள் தேடியது பிள்ளையை. நான் தேடியது மூச்சை. ஒரு சாமானை மேசையில் வைத்துவிட்டு அது போகவேண்டிய இடத்தைத் தினமும் வானத்தில் இருந்து பார்க்கக்கூடிய வசதியோடு, அதை இருபது முப்பது மைல் நகர்த்த வழியில்லாமல் இருந்த விஞ்ஞானி நான்.

பார்க்கத்தான் முடிந்தது. வளாகத்துக் கணினியில் முதல் நாளின் தரவு அடுத்த நாள் இறங்கும். மின்சாரமும் இணைப்பும் ஒரே நேரத்தில் இருந்தால். இருந்த நாட்களில் நான் குடாவுக்குத் தெற்கே இருந்த அந்த ஒரு கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுதல் மனைவி கேட்பாள்.

"இண்டைக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நேத்தும் மஞ்சள்தானே."

"இண்டைக்குக் கொஞ்சம் கூட."

ஒரு நாள் காலையில் நகரத்துக் கடற்கரையில் நின்று அளந்துகொண்டிருந்தேன். குடாவுக்கு அப்பால், தெற்கே, பழுப்பாக ஒன்று நிலத்தில் இருந்து எழும்பி அகன்று நின்றது. காற்று இல்லாதபடியால் கலையவில்லை. இடைக்கிடை வெடிச்சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது. என் ஒளிமானியின் முள் அன்று போன இடத்துக்கு அதற்குமுன் போனதில்லை. நான் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன்.

அடுத்த நாள் தரவு வந்தது. அக்காவின் கட்டம் சிவப்பாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது.

வெள்ளை என்றால் அளவீடு இல்லை. அது எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முகிலுக்கு மேலால் தூசை அளக்க முடியாது. ஆகவே ஒரு கட்டம் அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரிந்தால், அது முகில் என்று முடிவு செய்து தள்ளிவிடும்படி கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் புகை மிகத் தடித்துப் போனால் அதுவும் மேலிருந்து முகிலைப் போலத்தான் தெரியும். கொஞ்சம் புகை என்றால் மஞ்சள். கூடினால் சிவப்பு. தாங்க முடியாத அளவுக்குக் கூடினால் முகில். எல்லாவற்றிலும் மோசமான நாளைக்குத்தான் அந்த முறையில் நிறமே கிடையாது.

"இண்டைக்கு?" என்றாள் மனைவி.

"வெள்ளை."

"வெள்ளை எண்டால்?"

"முகில்."

"மழை முகிலோ?"

"ஓம்."

"மழை பெஞ்சால் புகை அடங்கும் என்ன."

"ஓம்."

அவள் என் தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். "நேத்து உடுப்புக் காயப்போடேக்கை நானும் தெற்காலை பாத்தனான்" என்றாள். பிறகு குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை.

அன்று செய்ய வேறு எதுவும் இல்லாதபடியால் வெளிநாட்டில் அந்தத் தரவைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மிகவும் பவ்வியமான ஆங்கிலம். உங்கள் முறையில் முகில் என்று தள்ளப்பட்ட இந்தக் கட்டம் முகில் அல்ல, புகை. நான் என் கண்ணால் கண்டேன். இத்துடன் என் கருவியின் வாசிப்பு இணைக்கப்பட்டுள்ளது. இதை அனுப்பினால் யாரோ ஒருவர் கட்டத்தின் நிறத்தை மாற்றுவார், நிறம் மாறினால் உலகம் பார்க்கும், உலகம் பார்த்தால் தெரு திறக்கும், தெரு திறந்தால் பம் போகும். பீதி பிடித்த மனிதனின் மூளையில் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே திறப்புச் சாவிதான். பதில் வந்தது. நல்ல மனிதர்கள். மிகவும் பிரயோசனமான அவதானம் என்று நன்றி சொல்லியிருந்தார்கள். என் கருவி நின்றது பக்கத்துக் கட்டத்தில். அந்தக் குறிப்பிட்ட கட்டத்துக்குக் கீழேயே தரைமட்ட அளவீடு ஏதும் எடுக்கப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள்.

எடுக்கப்பட்டது. எடுத்தது அக்கா. கருவி, சின்ன வயதில் இருந்தே பழுதான ஒரு நெஞ்சு. வாசிப்பை அனுப்பத்தான் வழி இல்லை. இதை நான் பதிலில் எழுதவில்லை. இல்லை என்று மட்டும் எழுதினேன்.

பிறகு சனம் நடக்கத் தொடங்கிய செய்தி வந்தது. அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் கரையோரமாகவும் காட்டுக்குள்ளாலும் தெற்கே நடந்து, வெருகல் ஆற்றைக் கடந்து, மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சேர்கின்றன என்றார்கள். அக்காவும் போயிருப்பா. மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுப் போயிருப்பா. அப்படித்தான் நாங்கள் முடிவு செய்தோம். வேறு முடிவு எடுக்க எங்களிடம் துணிவு இல்லை. அன்றிலிருந்து நான் வெள்ளைக் கட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆற்றுக்குத் தெற்கே உள்ள கட்டங்களைப் பார்த்தேன்.

அவை நீலம். மழை பெய்து கழுவிய, கடற்காற்று அடிக்கிற, படப்புத்தகத்தில் போடக்கூடிய நீலம்.

"நீலம்" என்றேன் மனைவியிடம். அடுத்த நாளும் நீலம் என்றேன். அந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது நான் விசிலடித்துக்கொண்டு வந்ததாக அவள் பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

நானாவின் தொலைபேசி வந்தது. யாரோ யாருக்கோ சொல்லி அவருக்கு வந்த தகவல். "சேர், ராத்தா இரிக்கா. வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல. மூச்சு இழுக்குதாம். ஆனா கதைக்கிறாவாம். ஒங்களத்தான் கேட்டவவாம்."

"என்ன கேட்டவ?"

"என்ன நிறம் எண்டு கேட்டாவாம். அது என்ன சேர்?"

நான் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

நேரே போகிற தெரு மூடியிருந்தது. ஹபரணை, பொலநறுவை என்று சுற்றிப் போகவேண்டும். விடுப்புக்கும், போவதற்கான அனுமதிக்கும் அலைந்ததில் நாட்கள் போயின. நான் புறப்படும் காலையில் மனைவி சொன்னாள்: "போய் நிண்டு கதைச்சுக்கொண்டிராமல் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ. மாட்டன் எண்டு சொன்னால், வயல் இனி இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ." இரண்டு பம்மையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒன்றை உறை உடைக்காமலே வைத்திருந்தேன், அது அக்காவுக்கு. மற்றதை ஏன் உடைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனால் அவர்கள் முன்னால் ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும். சோற்றுப் பார்சல் என்றால் ஒரு வாய். தைலம் என்றால் பூசிக் காட்டவேண்டும். பம்மைக் கண்டவுடன் முதலாவது சாவடியில் ஒருவன் அதைத் தூக்கி, இதென்ன என்று கேட்டான். பெஹெத், மருந்து, என்றேன் சிங்களத்தில். அமத்தினால் புஸ் என்று ஏதோ வருகிற சாமானைப் பார்த்து அவன் இரண்டடி பின்னால் போனான். நான் அவசரமாக உறையைக் கிழித்து, வாயில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். அவன் சிரித்தான். போ என்றான்.

அடுத்த சாவடியிலும் இழுத்தேன். அதற்கடுத்ததிலும். பஸ்ஸில் இருந்து இறங்கி வரிசையில் நின்று, என் முறை வந்தவுடன், யாரும் கேட்கமுதலே எடுத்து இழுத்துக் காட்டுகிற அளவுக்குப் போய்விட்டேன். தொய்வு இல்லாதவன் அதை இழுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஏற்கெனவே என் நெஞ்சும் கையும் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தபடியால், எது மருந்தின் நடுக்கம், எது என்னுடைய சொந்த நடுக்கம் என்று பிரித்தறிய முடியவில்லை. நடுங்குகிறபடியால் சாவடியில் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டபடியால் இழுத்துக் காட்டினேன். இழுத்தபடியால் இன்னும் நடுங்கினேன். ஒரு சாவடியில் ஒருவன் எனக்குக் கதிரை தந்து, தண்ணீர் தந்து, பாவம் மனிதனுக்குச் சரியான நெஞ்சு வருத்தம் என்று மற்றவனிடம் சொன்னான். பக்கத்தில் இருந்த பயணி, "இப்பிடி வருத்தக்காரன் தனியப் பயணம் வரலாமோ" என்று என்னை ஏசினார். அக்காவிடம் இதை எப்படிச் சொல்லவேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் அவ கூடச் சிரிப்பா என்று பஸ்ஸில் இருந்தபடி சரிப்படுத்திக்கொண்டு போனேன்.

பாடசாலை வளவு முழுவதும் தறப்பாள் கூடாரங்கள். அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது ஒரு பெண் எழும்பி வந்தா. அக்காவின் பக்கத்து வளவுக்காரி. நான் முன்பு கண்டிருக்கிறேன். என்னைக் கண்டவுடன் சீலைத் தலைப்பை வாயில் வைத்தா. அதிலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனால் நான் சட்டைப் பையில் இருந்து உடைக்காத பம்மை எடுத்து அவவிடம் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"முந்தநாள் தம்பி" என்றா. "முந்தநாள் காலமை."

பிறகு மிச்சத்தைச் சொன்னா. "நடக்கேக்கை ஒண்டும் செய்யேல்லை. காட்டுக்குள்ளால வரேக்கை எங்களை விட அவதான் முன்னுக்கு. ஆறு கடக்கேக்கை சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்துப் பகிடி விட்டவ. இங்கை வந்துதான்."

"இங்கை என்ன?"

அவ கையால் காட்டினா. ஒவ்வொரு தறப்பாளுக்கு முன்னாலும் மூன்று கல். ஒவ்வொன்றிலும் அரைகுறையாக எரிந்த பச்சை விறகு. "எல்லாரும் காலமை ஒரே நேரத்தில மூட்டுறது. மழையில நனைஞ்ச விறகு. புகை மேல போகாமல் இங்கையே நிண்டுபோம். உள்ளை படுத்தினால் தறப்பாளுக்குள்ள புகை. வெளியில இருத்தினால் அங்கையும் புகை. எங்கை தம்பி அவவைக் கொண்டுபோய் வைக்கிறது? பள்ளிக்கூடச் சாமியறைக்குள்ள கூட வைச்சுப் பாத்தனாங்கள்."

"பம்?"

"அது முடிஞ்சு கன நாள். வெறும் பம்மைத்தான் இழுத்தவ. சத்தம் கேட்டாலே கொஞ்சம் சுகம் எண்டுவா."

முந்தநாள் அந்தக் கட்டம் நீலம். நான் பார்த்திருக்கிறேன். பிழையும் இல்லை. செயற்கைக்கோள் உச்சியில் இருந்து தரைவரை உள்ள காற்று முழுவதையும் ஒரு தூண் போல எடுத்து, அதற்குள் உள்ள தூசைக் கூட்டிச் சொல்லும். பத்துக் கிலோமீற்றர்க் கட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வளவு எம்மாத்திரம். அதில் ஒரு மனிசியின் மூக்கு மட்டத்துக்கு நிற்கும் புகை எம்மாத்திரம். தூண் முழுவதும் நல்ல காற்று. அடியில் ஐந்தடி மட்டும் சரியில்லை. அக்கா இருந்தது அந்த ஐந்தடிக்குள். குண்டுப் புகைக்குத் தப்பி, காட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, நீலத்துக்குள் நடந்து வந்து, பக்கத்துவீட்டுக்காரர் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைத்த புகையில் போய்விட்டா. யாரைக் கோவிப்பது. அவர்களுக்கும் பசிக்கும்தானே.

அந்த வருட அறிக்கையில் அந்த நாளுக்கும் அந்தக் கட்டத்துக்கும் நேரே, தெளிவான வானம் என்று நான்தான் எழுதினேன். தரவு அப்படித்தான் இருந்தது.

"உங்கட கை என்ன இப்பிடி நடுங்குது" என்றா அந்தப் பெண்.

"அது மருந்து" என்றேன். "வரேக்கை இழுத்தனான்."

"உங்களுக்கும் தொய்வோ?"

"இல்லை."

அவ என்னை இரக்கத்தோடு பார்த்தா. "அழுங்கோ தம்பி. ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்." நான் சாவடிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்காவுக்கென்று சரிப்படுத்தி வைத்திருந்த கதை. முதல் வசனத்துக்கு மேல் அது வரவில்லை.

வளவுக்குப் பின்னால் பனைகளுக்குக் கீழே மண்மேட்டைக் காட்டினா. அருகே ஒரு கிளுவைத் தடி நட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டா: "தம்பி, அந்தப் பம் புதுசோ?"

"ஓம்."

"அங்கால தறப்பாளில ஒரு மனிசி இழுத்துக்கொண்டு கிடக்குது."

கொடுத்தேன். பாவித்ததையும் கொடுத்தேன். எப்படி இழுக்கிறது என்று காட்டவும் கையில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் சாவடிகளில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. போகும்போது சிரித்த ஆமிப் பெடியன் ஒருவன் என்னை அடையாளம் கண்டு, வாயில் கையை வைத்து இழுப்பது போலக் காட்டி, எங்கே என்று கேட்டான். இல்லை என்று கையை விரித்தேன். அந்த மருந்து உடம்பில் நிற்பது நாலு மணித்தியாலம்தான். அது முடிந்தபிறகும் கை நிற்கவில்லை.

அன்புவழிபுரத்தில் படலையைத் திறந்தபோது அடுத்த நாள் பின்னேரம். முன்னறையில் சாய்கதிரைக்குப் புதுத்துணி போட்டிருந்தது. குசினிக்குள் மனைவி இல்லை. அடுப்பும் இல்லை. சமையல் காஸ் வராத காலம் அது. குசினி மூலையில் விறகடுப்புத்தான் எரித்தோம். அந்த மூலையைக் கழுவி வெள்ளை அடித்திருந்தாள்.

அவள் பின்வளவில், மதிலோரம், குந்தியிருந்தாள். புதிதாகக் கல் வைத்து, பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து மறைப்புக் கட்டி, வெட்டவெளியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நெருப்பு அப்போதுதான் பிடித்திருந்தது.

"வீட்டுக்குள்ள இனிப் புகை வராது" என்றாள். "எந்தப் பக்கக் காத்து அடிச்சாலும் அறைக்கு வராது. ஒவ்வொரு இடமா வைச்சு மூட்டிப் பாத்துத்தான் இந்த இடத்தைப் பிடிச்சனான். உங்களுக்கு மட்டும்தான் காத்துப் பாக்கத் தெரியும் எண்டு நினையாதையுங்கோ."

நான் செருப்பைக் கழற்றினேன்.

"மச்சாளை முன்னுக்கு இருத்திப்போட்டோ வந்தனீங்கள்? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. கஞ்சி இப்ப இறக்கிப்போடுவன்."

"நல்ல இடம்" என்றேன். "நல்ல இடமாப் பாத்துத்தான் வைச்சிருக்கிறீர்."

அதைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த எதையும் ஒரு நக்கல் சேர்க்காமல் நான் மெச்சியதில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். ஊதுகுழல் அவள் கையில் அப்படியே இருந்தது. அடுப்புப் புகை நேரே மேலே எழும்பிப் போனது. அறைப்பக்கம் ஒரு துளியும் வரவில்லை.